இன்னொரு பார்ட்டி

"சும்மா நின்னு பார்க்கத் தெரியுமா உனக்கு?" என்று அண்ணன் ஒருநாள் அவளைக் கேட்டான்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவன் இல்லை. பெரியம்மா மகன், வீட்டுத் தரகன். கேள்வியைக் கேட்டதும் அவளுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. முப்பத்திரண்டு வருடமாக அவள் வேறென்ன செய்துகொண்டிருந்தாள்? ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார்கள் என்று பயந்து, மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்தையே விட்டுவிட்டவள். விசேஷ வீடுகளில் தூணுக்குப் பக்கத்தில் இன்னொரு தூணாக நின்றவள். சொந்தக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். பாசம் பொங்கினால் வெறும் கோட்டான். சும்மா நின்று பார்ப்பதற்குப் பட்டம் கொடுப்பார்கள் என்றால் அவள் எப்போதோ முனைவர் ஆகியிருப்பாள்.

"ம்" என்றாள்.

"அதான் எனக்கு வேணும். வாயைத் திறந்தாத்தான் காரியம் கெடும்."

விஷயம் இதுதான். ஒரு உயரமான கட்டடத்தில், பதினேழாவது மாடியில், ஒற்றைப் படுக்கையறை வீடு ஒன்று விற்காமல் கிடந்தது. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் குழாயைத் திறந்து மூடி, ஜன்னலில் எட்டிப் பார்த்து, "யோசிச்சுச் சொல்றோம்" என்று போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். அதே நேரத்தில் இன்னொரு பார்ட்டியும் வந்து வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றால் யோசிக்கிறவர்களுக்கு யோசனை குறையும், விலையும் கொஞ்சம் ஏறும் என்பது அண்ணனின் கணக்கு. அந்த இன்னொரு பார்ட்டிதான் அவள்.

தம்பி பெண்டாட்டியின் கைப்பையை இரவல் வாங்கினாள். அண்ணன் ஒரு கறுப்புக் கண்ணாடி கொடுத்தான். அதைப் போட்டதும் நிலைக்கண்ணாடியில் தெரிந்தவள் பணக்காரியாக இல்லை, கண் ஆபரேஷன் முடிந்து வந்தவளாகத் தெரிந்தாள். கழற்றிவிட்டாள்.

அவளாகச் சேர்த்துக்கொண்டது ஒன்றே ஒன்று, இஞ்ச் டேப். பேண்ட் மடித்துத் தைப்பதும், ஜிப் மாற்றுவதும், திரைச்சீலை தைப்பதும் அவள் தொழில். கை சும்மா இருந்தால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. அதனால் முதல் நாளே பையிலிருந்து டேப்பை எடுத்து ஹால் ஜன்னலை அளந்தாள். வீடு பார்க்க வந்திருந்த புருஷன் பெண்டாட்டி இருவர் முகத்திலும் ஈ ஆடவில்லை. அண்ணன் லிஃப்டில் வைத்து, "நடிப்புன்னா இதான்டி நடிப்பு!" என்று புல்லரித்துப் போனான். வாழ்க்கையில் அவளை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அதுவும் பொய் பேசாமல் பொய் சொன்னதற்கு.

அந்தத் தம்பதிக்குக் கடன் கிடைக்கவில்லை. அடுத்தவர் குளியலறைச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடினார். ஆக, நாலு வாரம் அவள் அந்த வீட்டுக்குப் போய் வந்தாள். கீழே, தபால் பெட்டிகளில் எத்தனையோ ஊர்ப் பெயர்கள். குப்பையை ஜன்னல் வழியாக வீசக் கூடாது என்று ஆறு மொழிகளில் எழுதி ஒட்டியிருந்தார்கள். ஆறு மொழிக்காரர்களும் வீசினார்கள். லிஃப்டில் ஒருத்தி பேசும் பாஷை இன்னொருத்திக்குப் புரியாது. அதனால் எல்லோரும் சிரித்துக்கொண்டார்கள். பேசாமல் சிரித்தாலே போதும் என்கிற ஓர் இடம் உலகத்தில் இருப்பது இத்தனை நாள் அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

வினை அங்கேதான் பிடித்தது. தம்பி வீட்டில் அவள் தையல் மெஷின் டிவிக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவே நின்றது. தொடர் ஓடும்போது மெஷின் ஓடக் கூடாது. அவள் படுப்பதும் அதே ஹாலில். இழுத்துச் சாத்திக்கொள்ள ஒரு கதவு கிடையாது. இங்கேயோ கிழக்கு ஜன்னல் வழியே காலை வெயில் பாய் விரித்தாற்போல் விழுந்தது. மெஷினை அங்கே போட்டால் பகலில் விளக்கே வேண்டாம். மூன்றாவது வாரம் அவள் அண்ணனிடம் சாவி வாங்கிக்கொண்டு, யாரும் வருவதற்கு முன்பே போய் அளக்க ஆரம்பித்தாள். அந்த வீட்டின் கால்மிதியைக்கூட வாங்க வக்கில்லாதவள், திரைச்சீலைக்கு நிறம் வரை முடிவு செய்துவிட்டாள். இளம்பச்சை.

நாலாவது வாரம் ஒரு நர்ஸ் இரண்டாம் தடவையாக வந்தாள். டியூட்டி முடிந்து, காலணியில்கூடக் களைப்பு தெரிய வந்து நின்றாள். ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தான். நர்ஸின் அப்பா இடுப்பு எலும்பு முறிந்து, லிஃப்ட் இல்லாத வீட்டின் நாலாவது மாடியில் ஏழு மாதமாகக் கிடக்கிறாராம். இதை அண்ணன்தான் சொல்லியிருந்தான். "இவ வாங்கித்தான் ஆகணும். நீ இன்னிக்கு நல்லா அள!"

அவள் நன்றாகவே அளந்தாள். அண்ணன் போன் பேச வெளியே போனான். நர்ஸ் அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இங்க என்னக்கா வைக்கப் போறீங்க?"

"மெஷின்." யோசிக்காமல் வந்துவிட்டது.

"தையல் மெஷினா? நல்ல வெளிச்சம்." நர்ஸ் கொஞ்ச நேரம் அந்த வெயிலையே பார்த்தாள். "போன வாரமும் நீங்க இதே இடத்துலதான் நின்னீங்க. கோவில்ல நிக்கிற மாதிரி."

அண்ணன் உள்ளே வந்ததும் நர்ஸ் சொன்னாள்: "சார், அக்காவுக்கே குடுத்துடுங்க. ஆசையா மனசுல குடி வந்துட்டாங்க. அதைப் பறிச்சுக்கிட்டுப் போனா எனக்கு ராத்திரி தூக்கம் வராது. நான் வேற பார்த்துக்கறேன்."

அண்ணனுக்கு மூஞ்சி செத்துப்போயிற்று. விலை ஏற்றக் கூட்டி வந்த பார்ட்டி, வாங்க வந்த பார்ட்டியையே துரத்துகிறது!

"சிஸ்டர், சிஸ்டர், ஒரு நிமிஷம்! மேடம் வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

"இப்பதானே ஜன்னலை அளந்தாங்க?"

"அளந்துட்டுத்தான் வேண்டாம்னாங்க!"

"அப்படின்னா வீட்ல என்னமோ கோளாறு இருக்கு." நர்ஸ் பையைத் தோளில் மாட்டினாள். "எனக்கும் வேண்டாம் சார்."

அண்ணன் நர்ஸுக்குத் தெரியாமல் அவளைப் பார்த்துக் கண்ணை உருட்டினான், புருவத்தை ஏற்றினான், மூக்கைக்கூட ஆட்டினான். ஏதாவது செய் என்று அர்த்தம். நர்ஸ் வாசலுக்குப் போய்விட்டாள். அவள் போய்விட்டால் வீடு விற்காது. விற்காவிட்டால் அடுத்த வாரமும் இங்கே வரலாம், வெயிலில் நிற்கலாம். கோட்டானுக்கு அந்தக் கணக்கு ஒரு நொடியில் போட வந்தது. கூடவே நாலாவது மாடியில் கிடக்கிற முகம் தெரியாத கிழவர் ஒருவரும் ஞாபகத்துக்கு வந்தார்.

"நான் வாங்க வரலை" என்றாள். குரல் அவள் காதுக்கே யாருடையதோ போலக் கேட்டது. "இவர் எங்க பெரியம்மா மகன். சும்மா வந்து நில்லுன்னாரு. நின்னேன். இந்தப் பைகூட என்னோடது இல்லை. நான் துணி தைக்கறவ."

"அடிப்பாவி!" என்றான் அண்ணன்.

நர்ஸ் திரும்பி வந்தாள். கோபத்தில் காது சிவந்திருந்தது. "நல்லாயிருக்கு உங்க நாடகம். அப்ப மெஷின்னு சொன்னது?"

"அது நிஜம்."

நர்ஸ் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "சரி, நிஜமே சொல்லுங்க. வீடு எப்படி?"

ஒன்பதாம் வகுப்பில் வாசிக்காமல் விட்ட பக்கத்தையும் சேர்த்து அன்றைக்கு அவள் ஒப்பித்துவிட்டாள். குளியலறைச் சுவரில் ஓதம், ஈரம் ஊறும். இரண்டு தடவை பெயிண்ட் அடித்து மறைத்தது. படுக்கையறை மத்தியானத்தில் அடுப்பு. மேல்வீட்டில் நாற்காலி இழுப்பார்கள். ஒரு லிஃப்ட் அடிக்கடி பதினொன்றில் நின்றுவிடும், இன்னொன்று ஒழுங்கு. பக்கத்து வீட்டம்மாவின் பாஷை புரியாது, ஆனால் பையைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்துவிடுவார். அண்ணன் சுவரில் சாய்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான்.

"லிஃப்ட் கதவு முப்பத்தாறு அங்குலம்" என்று முடித்தாள். "சக்கர நாற்காலி போகும்."

"அதையுமா அளந்தீங்க?"

"கை சும்மா இருக்காது."

நர்ஸுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, வரவிடவில்லை. அண்ணன் பக்கம் திரும்பினாள். "முதல் நாள் சொன்ன விலைதான். ஓதத்தைச் சரி பண்ணிக் குடுக்கணும். சம்மதம்னா எடுத்துக்கறேன்."

"சிஸ்டர், அந்த விலைக்கு ஓனர் என்னை உரிச்சுடுவாரு..."

"உரிக்கட்டும். நான் தையல் போடறேன்."

பேரம் சூடு பிடித்தது. நடுவில் நர்ஸ் ஜன்னலடியில் வந்து நின்று, கையை நீட்டி அகலம் பார்த்தாள். "அப்பா கட்டிலை இங்க போடணும். வெயிலைப் பார்த்து எத்தனை மாசமாச்சு. நிக்குமாக்கா?"

மெஷினுக்கென்று அவள் நாலு வாரம் அளந்து மனப்பாடம் ஆகிவிட்ட இடம். டேப்பை எடுக்கவே வேண்டியிருக்கவில்லை.

"ஆறே முக்கால் அடி. நிக்கும். தலைமாடு அந்தப் பக்கம் வைங்க, கண் கூசாது."

"திரைச்சீலை போட்டுக்கலாமா?"

"இளம்பச்சை நல்லாயிருக்கும்."

நர்ஸ் தலையாட்டிவிட்டு ஓதப் பேரத்துக்குத் திரும்பினாள். அண்ணன் இரண்டு விரலைக் காட்டினான், நர்ஸ் முடியாது என்றாள், அண்ணன் ஒரு விரலை மடக்கினான். ஜன்னலடியில் வெயில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. தையல்காரி அதில் ஒரு தடவை தன் காலை வைத்துப் பார்த்தாள். பிறகு வாசலில் கிடந்த மூன்று ஜோடியில் தன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.