ஃபஹாகாவுக்குப் பழைய தண்ணீர்

சந்தைக்காரன் மீனைத் தண்ணீரிலிருந்து வெளியே தூக்கியபோது, "வேண்டாம்ப்பா" என்றார் ஹில்மி. யார் காதிலும் விழவில்லை.

"பாருங்க, பாருங்க! ஃபஹாகா! நைல் நதியோட பலூன்!" என்று கத்தியபடி அவன் மீனை உள்ளங்கையில் மல்லாத்தி வயிற்றைச் சொறிந்தான். மீன் பல்லை நறநறத்தது. வாயிடுக்கு வழியாகக் காற்றை விழுங்கி விழுங்கி உப்பியது. கொஞ்ச நேரத்தில் மஞ்சளும் கறுப்புமாக வரி போட்ட பந்து ஒன்று அவன் கையில் இருந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் அதைத் திரும்பத் தொட்டியில் எறிந்தான். அது மூழ்கவில்லை. வெள்ளை வயிறு மேலே தெரிய, தலைகீழாக மிதந்தபடி, தம்மாத்துண்டுச் செட்டைகளை அடித்துக்கொண்டே இருந்தது.

கெய்ரோவின் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இது வழக்கமான வேடிக்கைதான். ஃபஹாகா என்பது நைல் நதிப் பேத்தை, உடம்பை உப்பவைக்கும் மீன். பேத்தைக்கு விலா எலும்பு கிடையாது. இரைப்பை ரப்பர் பை மாதிரி விரியும். பெரிய மீன் துரத்தினால் தண்ணீரைக் குடித்துக் குடித்து வயிற்றை நிரப்பிக்கொள்ளும். விழுங்க முடியாத உருண்டையை யார் தின்பார்கள்? ஆபத்து போனதும் தண்ணீரைத் துப்பிவிடும். ஆனால் வெளியே தூக்கினால் தண்ணீருக்குப் பதில் காற்றைக் குடிக்கும். காற்று எப்போதும் மேலே போகும்; வயிறு மேலே இருந்தால் காற்றும் வயிற்றிலேயே நிற்கும், வாய்ப் பக்கம் வராது. துப்ப நினைத்தாலும் முடியாது.

ஹில்மி குனிந்து பார்த்தார். அவருடைய கண் முதலில் போன இடம் அதன் வாய். பேத்தைக்கு நான்கே பற்கள், மேலே இரண்டு, கீழே இரண்டு. சேர்ந்து கிளி மூக்கு மாதிரி இருக்கும். சாகும்வரை அவை வளர்ந்துகொண்டே இருக்கும். நத்தை ஓட்டை நொறுக்கி நொறுக்கித் தேய்த்தால்தான் அளவாக நிற்கும். இதற்கு யாரோ நாள்கணக்கில் மென்மையான தீனி போட்டிருக்கிறார்கள். மேற்பல் கீழ்ப்பல்லைத் தாண்டி வளர்ந்து வாய் ஏறக்குறைய பூட்டிக் கிடந்தது. வயிறு உப்பியிருந்தாலும் முதுகு கத்திபோல் மெலிந்திருந்தது.

முப்பது வருஷமாகப் பல்செட் செய்கிறவர் ஹில்மி. மூடாத வாயையும் திறக்காத வாயையும் பார்த்துவிட்டுச் சும்மா போக அவரால் முடியாது.

"உஸ்தா, இது குழம்புக்கு ஆகாது, விஷம்," என்றான் சந்தைக்காரன். தொழில்காரர்களை அங்கே மரியாதையாக உஸ்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"குழம்புக்கு யாரு கேட்டா? கையால எடுக்காத. தண்ணியோட, கிண்ணத்தால மொண்டு குடு."

"ராஜகுமாரிக்குப் பல்லக்கு கேக்குறாரு," என்று அவன் பக்கத்துக் கடைக்காரனிடம் சொல்லிவிட்டு, கிண்ணத்தால்தான் மொண்டு கொடுத்தான்.

ஷுப்ரா பகுதியில் ஒரு கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் ஹில்மியின் வீடு. லிஃப்ட் வேலை செய்யவில்லை. வாளியை ஏந்தி ஏறினார். கூடத்தில் அவர் மனைவி ஃபிர்யாலின் கண்ணாடித் தொட்டி இருந்தது. அவள் போய் மூன்று வருஷம். அவள் வளர்த்த தங்கமீன்களில் கடைசியும் போன வாரம் இறந்துவிட்டது. இருந்தும் வடிகட்டியின் மோட்டாரை அவர் நிறுத்தவில்லை. அந்த முணுமுணுப்பு நின்றால் வீட்டில் வேறு சத்தம் கிடையாது.

அதுவே இப்போது உதவியாயிற்று. புதுத் தொட்டியில் மீனை விட்டால் மீனின் கழிவே அதற்கு நஞ்சாகும். பழைய வடிகட்டியின் பஞ்சில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் குடியிருந்து அந்த நஞ்சைத் தின்றுகொண்டிருக்கும். ஃபிர்யால் இதைச் சொல்லும்போது அவர் பாதிக் காதில்தான் கேட்டிருந்தார். பாதிக் காது போதுமானதாக இருந்தது. தொட்டியில் நத்தைகளும் பெருகிக் கிடந்தன.

முதலில் காற்று. கையை நீருக்குள் விட்டு மீனைத் தளரப் பிடித்து, தலை மேலே வால் கீழே என்று நிறுத்தினார். மெல்ல அசைத்தார். இப்போது வயிற்றுக்கு மேலே வாய். காற்றுக்கு வழி உண்டு. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி. மூன்றாம் தடவை 'பொளக்' என்று ஒரு குமிழ் வந்தது, அதன் பின்னே சரமாக இன்னும் பல. மீன் சுருங்கி, நழுவி, அடியில் போய்ப் படுத்தது. பிறகு ஒரு கண்ணை மட்டும் சுழற்றி அவரைப் பார்த்தது. சிவந்த கண். மற்றக் கண் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏப்பம் விட்டாச்சு," என்றார் ஹில்மி. தன் குரலைக் கேட்டு அவருக்கே திடுக்கென்றது.

இரண்டு நாள் கழித்துப் பல் வெட்டினார். மயக்கத்துக்குக் கிராம்பு எண்ணெய். பல் வைத்தியத்தில் பழகிய எண்ணெய்தான், அலமாரியில் எப்போதும் இருக்கும். எண்ணெய் தண்ணீரில் கலக்காது என்பதால் சின்ன சீசாவில் வெதுவெதுப்பான நீரோடு குலுக்கிப் பால்போல ஆக்கி, கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாக விட்டார். மீன் சாய்ந்தது, செவுள் மட்டும் மெல்லத் திறந்து மூடியது. மயங்கிய மீன் உப்பாது. ஈரத்துணியில் சுற்றி எடுத்து, பல்செட் கம்பி வெட்டும் குறட்டால் ஒன்று, இரண்டு, மூன்று நறுக்கு. நான்காவது வேண்டாம் என்று கை சொன்னது. மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினார்: இருபத்திரண்டு நொடி. நல்ல தண்ணீரில் விட்டதும் கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்தது.

மறுநாள் மதியம், வீட்டிலேயே பல்செட் செய்யும் பட்டறை அறையில் இருந்தவருக்குக் கூடத்திலிருந்து 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்டது. மீன் நத்தையை நொறுக்கித் தின்றுகொண்டிருந்தது. ஹில்மி நின்று மூன்று நத்தைகள் வரை பார்த்தார். அன்று இரண்டு முட்டை கூடுதலாகப் போட்டுப் பொரித்துச் சாப்பிட்டார்.

அதற்கப்புறம் அவர் கூடத்துக்குள் வந்தாலே அது கண்ணாடி ஓரத்துக்கு வந்து உடம்பை ஆட்டியது. தீனிக்காகத்தான் என்று அவருக்குத் தெரியும். ஃபஹாகா தனியாக வாழும் பிறவி. இன்னொரு மீனை உள்ளே விட்டால் கடித்துத் துண்டாக்கிவிடும். அதற்குத் துணை தேவையில்லை. அதனால்தான் அது தம்மிடம் வருவதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே நாற்காலியைத் தொட்டிக்கு அருகில் இழுத்துப் போட்டார்.

புதிதாக வந்த, தேறிவரும் மீனுக்கு அடிக்கடித் தண்ணீர் மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். வாளிகளில் பிடித்து ஒருநாள் திறந்து வைத்தால் காற்றோடு போய்விடும். அப்படித்தான் செய்துவந்தார். இரண்டாம் வாரத்து வியாழக்கிழமை காலையிலும் முந்தைய நாள் பிடித்த ஆறு வாளிகளை ஊற்றினார்.

பத்து நிமிஷத்தில் மீன் கறுத்தது. மேலே வந்து வாயைப் பிளந்தது. செவுள் ரத்தச் சிவப்பு. உடம்பில் வெள்ளையாக வழுவழுப்பு படர்ந்தது. பேத்தைக்குச் செதில் கிடையாது. தண்ணீரில் என்ன இருந்தாலும் நேரே தோலில்தான் விழும்.

ஹில்மி தண்ணீரைக் கையில் அள்ளினார். தெளிவாகத்தான் இருந்தது. மூக்கருகில் கொண்டுபோனார். ஒன்றும் தெரியவில்லை. தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும். பல்செட்டுக்கு ஈறு வார்க்கும் திரவத்தின் நெடியை முப்பது வருஷம் முகர்ந்ததில் அவர் மூக்கு செத்துப் பல காலம் ஆயிற்று. பால் தீய்கிறது, எரிவாயு கசிகிறது, சட்டையை மாற்று என்று சொல்வதெல்லாம் ஃபிர்யால்தான். இந்த வீட்டின் மூக்கு அவள்.

மீன் ஒருபக்கமாகச் சாயத் தொடங்கியது.

கிண்ணத்தில் தண்ணீரை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து படிக்கட்டுக்கு ஓடினார். நாலாவது மாடி மதாம் தவ்லத், இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு, மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்தாள். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், ஃபிர்யாலின் சிநேகிதி.

"மதாம், இதக் கொஞ்சம் மோந்து பாருங்க."

அவள் பைகளை இறக்கி வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். "மூணு வருஷமாக் கதவத் தட்டித் தட்டி என் கை வீங்கிப் போச்சு. இன்னைக்குத் தானாத் தொறந்து, தண்ணிய மோந்து பாருன்றீங்க?"

"மீனு சாகப் போகுது, மதாம்."

அவள் கிண்ணத்தின் மேல் குனிந்தாள். உடனே முகத்தைச் சுளித்தாள். "ஐயையோ! இது பிளீச்சு! நேத்து மொட்டமாடித் தொட்டியக் கழுவி மருந்து ஊத்துனாங்கல்ல? அந்த வாட்ச்மேன் அப்துல் நயீம் பேருக்கு அலசி விட்டிருப்பான். கீழ இருந்து தொண்ட கிழியக் கத்துனானே, எல்லாரும் முன்னாடியே தண்ணி பிடிச்சு வெச்சுக்கங்கன்னு. ஒவ்வொரு வீட்டு மணியையும் அடிச்சான்."

ஒருநாள் திறந்து வைத்தும் போகாத அளவு மருந்து. ஹில்மி தன் கதவைத் திரும்பிப் பார்த்தார். கதவு நிலையில், மணிப் பொத்தான் இருந்த இடத்தில், துண்டித்த இரண்டு கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஃபிர்யால் இறந்து நாற்பதாம் நாள் துக்கம் முடிந்த மறுநாள் அவரே பிடுங்கியது. நேற்று அப்துல் நயீம் கத்தியபோது பட்டறையில் அரைக்கும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

"அப்போ எல்லார் வீட்லயும்..." என்றார் மெதுவாக.

"பழைய தண்ணி இருக்கு. என் குளிதொட்டி நெறைய இருக்கு. எவ்வளவு வேணும்?"

"தொட்டியில முக்காவாசி மாத்தணும். பதினஞ்சு வாளி."

தவ்லத் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து படிக்கட்டின் நடுக்குழிக்குள் குரல் கொடுத்தாள். தபால் நிலையத்து வரிசைகளை அடக்கிய குரல் அது. "ஹாஜி மித்வல்லி! அப்துல் நயீம்! நேத்து பிடிச்ச தண்ணி யார்கிட்ட இருக்கு? உஸ்தா ஹில்மிக்கு வேணும்!"

கீழிருந்து ஒரு குரல்: "யாருக்கு?"

"ஹில்மிக்கு! அஞ்சாவது மாடி!"

"அவரு இன்னும் இங்கதான் இருக்காரா? ஊரவிட்டுப் போயிட்டாருன்னு நெனச்சேன்!"

ஹில்மி தலையைக் குனிந்துகொண்டார்.

பதினைந்து வாளியையும் படியேறித் தூக்கி முடிக்கும்வரை மீன் தாங்காது. கெய்ரோவில் வயசானவர்கள் யாரும் ரொட்டிக்காக மாடி இறங்குவதில்லை. பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவார்கள். ஃபிர்யாலின் கூடை பால்கனி மூலையில் தூசி மூடிக் கிடந்தது. அவர் அதை இறக்கினார். மூன்றாவது மாடிப் பால்கனியில் ஹாஜி மித்வல்லி கூடையை எட்டிப் பிடித்து, தண்ணீர் நிரப்பிய பெரிய பாட்டில்களை அடுக்கினார்.

"இழு உஸ்தா! நீ செஞ்ச பல்லு இன்னும் கல்லு மாதிரி இருக்கு, பாரு!" என்று பல்லைக் காட்டினார். "மீனுக்காமே தண்ணி, மதாம் சொன்னாங்க. அதுக்கும் செட்டு கட்டுவியா?"

"அதுக்கு வெட்டத்தான் செஞ்சேன், ஹாஜி."

கயிறு உள்ளங்கையை அறுத்தது. ஒவ்வொரு கூடையாக இழுத்தார். தவ்லத் வீட்டு வாளிகளை அப்துல் நயீம் இரண்டிரண்டாகத் தூக்கி வந்து, "அலசினேன் உஸ்தா, சத்தியமா அலசினேன்" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னான். ஹில்மி நஞ்சுத் தண்ணீரைக் குழாய் வைத்து உறிஞ்சி வெளியேற்றினார். மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்து, புதியதைக் கண்ணாடி ஓரமாகச் சன்னமாக ஊற்றினார். வேகமாக ஊற்றினால் அதுவே இன்னொரு அதிர்ச்சி. தவ்லத் ஒவ்வொரு வாளியையும் குனிந்து முகர்ந்து, "சரி" என்றாள். கடைசியில் ஒரு வாளிக்கு மட்டும் "இது வேணாம்" என்றாள். அவர் மறுபேச்சில்லாமல் அதைக் கொட்டினார்.

சாயங்காலம் மஞ்சள் வரிகள் மெல்லத் திரும்பின. செவுளின் வேகம் குறைந்தது. மீன் அடியில் படுத்து, ஒரு கண்ணைச் சுழற்றியது. அப்துல் நயீம் எப்போதோ போய்விட்டான். தவ்லத் நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் இருந்த ஃபிர்யாலின் படத்தைப் பார்க்காமல் மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீ போடட்டுமா?" என்றார் ஹில்மி.

"வேணாம். அரிசி ஊற வெச்சிட்டு வந்தேன்." எழுந்தாள். வாசலில் நின்று அந்த இரண்டு கம்பிகளைப் பார்த்தாள். இறங்கிப் போனாள்.

ஹில்மி இழுப்பறையில் தேடி மணியின் பொத்தானை எடுத்தார். பல்செட் கம்பி முறுக்கும் அதே குறட்டால் கம்பிகளின் நுனியைச் சீவி, முறுக்கி, பட்டி சுற்றினார். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்று பொத்தானை அழுத்தினார். உள்ளே பழைய குருவிச் சத்தம் கீச்சிட்டது. மறுபடி அழுத்தினார். கூடம், பட்டறை, சமையலறை என்று வீடு முழுக்க அது ஒலித்து அடங்குவது கதவின் இந்தப் பக்கம் நன்றாகக் கேட்டது. திறக்க யாரும் வரவில்லை.

"யாரு அங்க மணியடிக்கிறது?" கீழே தவ்லத்தின் குரல்.

"நான்தான். சும்மா, வேலை செய்யுதான்னு பாத்தேன்."

"செய்யுதா?"

"செய்யுது."

கீழே கதவு சாத்தப்பட்டது. ஹில்மி இன்னும் கொஞ்ச நேரம் படிக்கட்டில் நின்றார். பிறகு சாவியைப் போட்டுத் திறந்து உள்ளே போனார். மோட்டார் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. நத்தை ஒன்றை எடுத்துப் போட்டார். மீன் தொடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, அந்த 'கடக்' சத்தத்துக்காகக் காத்திருந்தார்.