புஷ்பவல்லி ஏன் சுருட்டுகிறார்

1.

இந்தக் கதை ஒரு படிவத்தில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சிகரெட் பிடிப்பவர்களைப் பற்றிய ஆய்வுக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பது என் வேலை. பதினேழாவது கேள்வி: கையால் சுருட்டிய சிகரெட் பிடிப்பவரா? ஆம் என்றால், ஏன்? பதிலுக்கு மலிவு, ருசி, பழக்கம் என்று மூன்று கட்டங்கள். நான்காவது 'வேறு காரணம்'. அதை எழுத ஓர் அங்குல நீளத்தில் ஒரு கோடு.

கிள்ளான் நகரில் ஒரு மலிவு விலை அடுக்குமாடியின் நான்காவது மாடி. கதவைத் திறந்த அம்மாவுக்கு ஐம்பத்தாறு வயது இருக்கும். உள்ளே அவர் வீட்டுக்காரர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். பதில் அவரிடம்தான் இருக்கும் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன்.

"அங்க என்ன பாக்குற தங்கச்சி? சுருட்டி இழுக்கிறது நான்தான்" என்றார் அந்த அம்மா. "எழுதிக்கோ லா."

கதை எழுதினால் பெயரை மாற்றிவிடுவேன் என்றேன். புஷ்பவல்லி என்ற பெயரை அவரே தேர்ந்தெடுத்தார். வீட்டுக்காரருக்குக் கன்னையா என்று வைத்ததும் அவர்தான். அன்று அவர் ஒரு மணி நேரம் காரணம் சொன்னார். நான் 'மலிவு' கட்டத்தில் ஒரு கோடு கிழித்துவிட்டு வந்தேன். அது பொய். அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் எழுத உட்கார்ந்தேன்.

2.

முதலில் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

ஆண்கள் மட்டுமே புகைவிடும் உலகில் புஷ்பவல்லி ஒரு புரட்சியாக... (வேண்டாம். அவர் படித்தால் சிரித்தே இருமிவிடுவார்.)

வறுமை புஷ்பவல்லியின் விரல்களில் புகையிலையைத் திணித்தது. (இது அதைவிட மோசம். அவர் வீட்டு ஐஸ்பெட்டிக்கு இரண்டு கதவு. என்னுடையதற்கு ஒன்றுதான்.)

நடந்தது இதுதான். கன்னையா பக்கத்து ஊரான மேருவில் ஒரு தொழிற்சாலையில் தகடு அழுத்தும் இயந்திரத்தில் வேலை பார்த்தார். பதினோரு வருடங்களுக்கு முன் அந்த இயந்திரம் அவருடைய வலக்கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. காயம் ஆறிவிட்டது, பேச்சுதான் நின்றுபோனது. கூப்பிட்டால் 'ம்' என்பார், அவ்வளவுதான். அதுவரை தானே புகையிலையைத் தாளில் வைத்துச் சுருட்டிக் குடித்தவர் அவர். புஷ்பவல்லி கடை சிகரெட் வாங்கித் தந்தும் தொடவில்லை. ஒரு சாயங்காலம் புஷ்பவல்லியே பொட்டலத்தைப் பிரித்து, தாளின் ஓரத்தை நாக்கால் நனைத்து, கோணல்மாணலாக ஒன்றைச் சுருட்டினார்.

"இவ்ளோ இறுக்குனா புகை எப்படி வரும்?" என்றார் கன்னையா. நான்கு மாதங்களில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

அன்றிலிருந்து தினமும் மாலையில் இருவரும் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார ஆரம்பித்தார்கள். புஷ்பவல்லி சுருட்டச் சுருட்டக் கன்னையா குறை சொல்வார். குறை தீர்ந்ததும் மழை, மச்சான், பக்கத்து வீட்டுப் பூனை என்று பேச்சு வளரும். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க முதல் இழுப்பைப் புஷ்பவல்லி இழுத்தார். போகப்போக அது பாதியானது. பிறகு அவருக்கென்றே ஒன்று. சிகரெட் அணைந்தால் பேச்சும் அணைந்துவிடும் என்பதால் அடுத்ததையும் சுருட்டினார்.*

* புகைப்பதை நான் ஆதரிக்கவில்லை. என் வேலையே அதற்கு எதிரானது. ஆனால் வாயடைத்துப்போன புருஷனைப் பேசவைக்க வேறு வழி தெரிந்தவர்கள் எழுதிப் போடுங்கள், அவரிடம் சேர்த்துவிடுகிறேன்.

3.

இந்த இடத்தில் நான் ஒரு பாவம் செய்தேன். கதையின் முதல் வரைவில் புஷ்பவல்லியைக் கொன்றுவிட்டேன். நுரையீரலில் புற்று. கடைசிக் காட்சியில் கன்னையா மிஞ்சிய இரண்டு விரல்களால் சுருட்டப் பார்க்கிறார், புகையிலை மடியெல்லாம் சிந்துகிறது. எழுதிவிட்டு நானே அழுதேன். அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

மறுவாரம் புஷ்பவல்லி போன் செய்தார்.

"தங்கச்சி, இருமல் நிக்கலைன்னு எக்ஸ்ரே எடுத்தாங்க. நெஞ்சுல என்னமோ நிழல் இருக்காம். அம்பது காசு சைஸாம். மூணு வாரம் கழிச்சு ஸ்கேன் எடுக்கணும்னு சொல்றாங்க. நீ படிச்சவ, இது என்னாவா இருக்கும்?"

ஒன்றும் இருக்காது அக்கா என்று எதையோ உளறிவிட்டு, அந்தப் பக்கங்களைக் கிழித்தேன். கணினியில் இருந்ததையும் அழித்தேன். எழுதியதால் நோய் வராது என்று எனக்குத் தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை, கிழித்ததையே மறுபடி கிழித்துக்கொண்டிருந்தது.

4.

நிழல் என்று கேள்விப்பட்ட அன்றே கன்னையா புகையிலைப் பொட்டலத்தைக் குப்பையில் வீசினார். "எல்லாம் என்னாலதான்" என்றார். அதோடு வாயை மூடிக்கொண்டார். படிக்கட்டுக்கு இருவரும் போகவில்லை. சாவைவிடப் புஷ்பவல்லியை அரித்தது வேறு. தான் போய்ச் சேர்ந்துவிட்டால் இந்த மனுஷன் யாரிடம் பேசுவார்?

(பயத்தை வர்ணித்து இங்கே மூன்று பத்திகள் இருந்தன. எடுத்துவிட்டேன். நீங்களும் ஏதாவது ஒரு ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்திருப்பீர்கள்.)

5.

ஸ்கேன் நாள் வந்தது. மருத்துவமனை அங்கியை மாட்டிக்கொண்டு புஷ்பவல்லி நின்றார். பின்கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு தெரிவதைப் பார்த்த தாதி, டாக்டர் ஜனகாவைக் கூப்பிட்டார்.

"ஆன்டி, இது என்ன கயிறு?"

"மஞ்சக் கிழங்கு கட்டியிருக்கேன் டாக்டர். தாலியக் கழட்டச் சொல்றீங்க. வீட்டுக்காரர் இருக்கப்ப கழுத்து வெறுமையா இருக்கலாமா?"

"போன தடவ எக்ஸ்ரே எடுக்கறப்பவும் இது இருந்துச்சா?"

"இருந்துச்சே. நகை, இரும்பு எல்லாம் கழட்டுங்கன்னு சொல்லுச்சு அந்தப் பொண்ணு. இது கிழங்குதானே? நெஞ்சுல இடிக்குதுன்னு முதுகுப் பக்கம் தள்ளி விட்டுட்டேன்."

ஜனகா பழைய படத்தைத் திரையில் போட்டார். வலப்பக்க நிழலைப் பார்த்தார். கிழங்கைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"ஆன்டி, இதயும் கழட்டிட்டு முதல்ல இன்னொரு எக்ஸ்ரே எடுப்போம். ரெண்டே நிமிஷம்."

கயிற்றைத் தட்டில் போடப் புஷ்பவல்லிக்கு மனம் வரவில்லை. வெளியே நின்ற கன்னையாவைக் கூப்பிட்டு அவர் கையில் கொடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக வெறுங்கழுத்தோடு போய், நெஞ்சைப் பலகையில் அழுத்தி, மூச்சைப் பிடித்தார்.

நிழல் இல்லை. சந்தேகத்துக்கு ஸ்கேனும் எடுத்தார்கள். அதிலும் ஒன்றுமில்லை. இருமலுக்கு மருந்து கொடுத்து, சிகரெட்டைக் கட்டாயம் விட வேண்டும் என்று கண்டித்து அனுப்பினார் ஜனகா.

(இப்படி ஒரு திருப்பத்தை நானாக யோசித்திருந்தால் எந்த ஆசிரியரும் ஏற்க மாட்டார். கற்பனைக்குத்தான் நம்பும்படி இருக்க வேண்டிய தொல்லை.)

6.

முடிவுகள், நான் எழுதிப் பார்த்தவை:

அன்று மாலையே புதுப் பொட்டலம் வாங்கினார்கள். (நடந்திருக்கலாம். என் மேலதிகாரி படித்தால் என் வேலை போய்விடும்.)

இருவரும் அடியோடு விட்டுவிட்டார்கள். (சுவரொட்டியில் போடலாம்.)

புஷ்பவல்லி வெறும் தாளை மட்டும்... (சீ. அழகுக்கு ஆசைப்பட்டு எழுதியது.)

படிக்கட்டில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, கேட்கப்போவதுமில்லை. அதை நீங்கள் உங்கள் மனம்போல் முடித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் மட்டும்தான்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் வாழையிலைச் சாப்பாட்டில் கை வைத்திருந்தேன். போன் வந்தது. வீட்டுக்குப் போகும் வாடகைக் காரிலிருந்து புஷ்பவல்லி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னார். நான் எழுந்து நின்று சத்தமாகச் சிரித்ததில் ரசம் ஊற்ற வந்தவர் இரண்டடி பின்னால் போய்விட்டார். மூன்று வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் எனக்குச் சோறு ருசித்தது.

போனுக்குள் இன்னொரு குரலும் கேட்டது. காரோட்டியிடம் நடந்ததை மலாய் மொழியில் சொல்லி, உடனே தமிழில் மனைவியைத் திட்டி, நெரிசலைத் திட்டி, மறுபடி முதலிலிருந்து சொல்லும் ஓர் ஆணின் குரல்.

"யாரு அக்கா அது?"

"வேற யாரு? மருத்துவமனை வாசல்ல ஆரம்பிச்சாரு." புஷ்பவல்லி குரலைத் தாழ்த்தினார். "என் கையில ஒண்ணுமே இல்ல தங்கச்சி. சும்மாதான் உக்காந்திருக்கேன். பேசிக்கிட்டே வராரு."