தேசம்மாவின் இரண்டு கோடுகள்

1931ஆம் ஆண்டு ஆவணி மாதம் முதல், மீன் விற்கும் தேசம்மா மயிலாப்பூர்ச் சந்து ஒன்றைக் கடந்த ஒவ்வொரு காலையிலும், அங்கிருந்த கல்லூரியின் எக்ஸ்ரே கருவியில் மாட்டிய தகட்டில் இரண்டு கோடுகள் விழுந்தன. அப்போது கருவிக்கு மின்சாரமே கொடுத்திருக்கவில்லை. எக்ஸ்ரே பட்டால் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கோடுகளைத் தகட்டில் பதிக்கும். எதோடு கலந்திருந்தாலும் செம்பின் கோடு செம்பின் கோடுதான். இந்த இரண்டு மட்டும் யாருடையவையும் அல்ல. ஆய்வுக்கூட டெமான்ஸ்டிரேட்டர் ரகுபதி கணக்குப் போட்டுப் பார்த்தார். தனிம அட்டவணையில் நாற்பத்து மூன்றாவது இடத்துக்கு அவை பொருந்தின. அந்தத் தனிமத்தைக் கண்டதாகச் சொன்ன ஜெர்மானியர்களை உலகம் இன்னும் முழுதாக நம்பவில்லை. கருவி ஓடாததால், சந்தில் போகிற எதிலிருந்தோதான் அவை வருகின்றன என்று முடிவுகட்டினார். சன்னலோரம் நின்று தபால்காரர், தயிர்க்காரி, வண்டிமாடு என ஒவ்வொன்றாகக் கழித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோடு விழவில்லை. சாந்தோம் தேவாலயப் பூசைக்குப் போகிறவர் யாரோ என்று ஊகித்து, திங்களன்று தேசம்மாவை மறித்தார்.

“இன்னா சாமி, நீயா மீன் கேக்குற?” என்றாள். விஷயத்தைக் கேட்டபின், “நோவா?” என்றாள். இல்லை என்றதும் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

ஆறு மாதம் அவர் சும்மா இருக்கவில்லை. லஸ் முனையிலிருந்து கடற்கரைவரை, அங்கவஸ்திரத்துக்குள் தகட்டை மறைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே அலைந்தார். “மீன்காரி பின்னாடி போயிண்டிருக்கேளாமே” என்று கேட்ட மனைவி சுலோச்சனா, பதிலுக்குக் காத்திராமல் காஞ்சிபுரத்துப் பிறந்தகம் போய்விட்டாள். தன் கண்டுபிடிப்பை அவர் எழுதி அனுப்பியிருந்த லண்டன் அறிவியல் சபையிலிருந்து, எடைபோடும் அளவுக்குப் பொருளை அனுப்பினால் பரிசீலிக்கலாம் என்று கடிதம் வந்தது. அதை அவளிடமே போய்க் கேட்டார்.

“எம்மாம் வோணும்?” என்றாள் தேசம்மா.

“கடுகளவு போறும்.”

நகம் தந்தாள், முடி தந்தாள், ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லையும் பிடுங்கித் தந்தாள். நகத்தில் கந்தகம் இருந்தது, பல்லில் சுண்ணாம்பு இருந்தது, நாற்பத்து மூன்று எதிலும் இல்லை. ரகுபதி அவள் குடியிருந்த மீனவர் குப்பத்துக்கே ஓடினார். “உன்னை விட்டுப் பிரிச்சா அது இல்லேம்மா” என்றார்.

“அப்போ அது நான்தான் சாமி. இதுக்கா இம்மா நாளா அலஞ்சிக்கினு கீற? போய் உம் பொண்டாட்டிய இட்டுக்கினு வா.”

மறுநாள் லண்டன் கடிதத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு ரயிலேறினார். சுலோச்சனா உடனே இறங்கி வரவில்லை, சித்திரையில்தான் வந்தாள்.

1936இல் ரகுபதி அடையாறுப் பக்கம் வேறு வேலைக்குப் போனார். அவர் இடத்துக்கு வந்த சுவாமிநாதனிடம், காலை ஒன்பதிலிருந்து ஒன்பதரைவரை தகடு மாட்ட வேண்டாம் என்றார் ஊழியர் பஞ்சாட்சரம்.

“ஏன்?”

“தேசம்மா போற நேரம் சார்.”

சுவாமிநாதன் தலையசைத்துவிட்டு, ஒன்பது முப்பத்தைந்துக்குத் தகட்டை மாட்டினார்.