ஒளிபரப்பாகாத காட்சி

ஆனந்தராசாவை உட்துறைமுக வீதிப் பக்கம் தெரியாதவர் இல்லை. துறைமுகக் கந்தோரில் கிளாக்கர் என்பதற்காக அல்ல. கிளாக்கர்மார் அங்கே தடுக்கி விழுந்த இடமெல்லாம் இருந்தார்கள். கொழும்பிலிருந்து வருகிற வாரப் பத்திரிகையில் 'பெட்டிக்கு முன்னால்' என்ற பத்தியைத் 'திருக்கோணன்' என்ற பெயரில் எழுதுகிறவர் அவர்தான் என்பதால் தெரியும். புதிதாக வந்த தொலைக்காட்சி நாடகமோ, ஓய்ந்துபோய்த் திரும்பி வந்த நாடகமோ, எதுவானாலும் அவருடைய பேனாவில் அகப்பட்டுத்தான் போகவேண்டும். புகழ்வது குறைவு. கிழிப்பதில் மனிதருக்குத் தனி ருசி. சண்டைக் காலத்தில் பொழுதுபட்டால் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு பெட்டிக்கு முன்னால் குந்தியதால், அவர் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்தது. அந்த மதிப்பை அவர் சலவை வேட்டி மாதிரிக் கசங்காமல் பார்த்துக்கொண்டார்.

அப்படிப்பட்டவரைத்தான் மாலை வேலைக்கு மாற்றிப் போட்டார்கள். நாடகம் போகிற நேரத்தில் ஐயா துறைமுகத்தில் சரக்குக் கடதாசிகளோடு மாரடித்துக்கொண்டிருந்தார். அதற்காகப் பத்தியை விட மனம் வருமா? மனைவி கமலேஸ்வரியைக் கூப்பிட்டார்.

"நீர் பார்த்துக் கதையை மட்டும் சொன்னாப் போதும். கருத்தை நான் சொல்லுவன்."

"ஓம்" என்றாள் கமலேஸ்வரி.

விடிந்ததும் அவர் பேனாவோடு விறாந்தைக் கதிரையில் இருப்பார். அவள் குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டே கதையைச் சொல்லுவாள். மாமியார் பேசும்போது குரல் தடிக்கும், மருமகள் பேசும்போது இறங்கும். ஒருத்தி கதவைத் திறந்தாள் என்றால் அந்தக் கதவின் கிறீச்சும் கேட்கும். ஆனந்தராசா வாயைப் பிளந்து கேட்பார். பிறகு செருமிக்கொண்டு, "இவ்வளவு நீட்டத் தேவையில்லை" என்பார்.

பத்தி சூடு பிடித்தது. திரும்பி வந்த 'ஈரச்சுவர்' நாடகத்தை முதல் சுற்றில் நார்நாராகக் கிழித்தவர், இந்தமுறை 'எழுத்து கனிந்திருக்கிறது' என்று எழுதினார். பத்திரிகை ஆசிரியர் கனகரத்தினம் கந்தோருக்கே தொலைபேசி எடுத்து, "இப்பதான் ஐயா உங்கட எழுத்திலை உயிர் வந்திருக்கு" என்றார். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனாலும் அந்த 'இப்பதான்' ஆனந்தராசாவின் தொண்டைக்குள் மீன்முள்ளாய் நின்றது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் சந்தைக்கு மீன் வாங்கப் போனவர் பையை மறந்து திரும்பி வந்தார். குசினிக்குள் பெண்கள் கூட்டம். எதிர்வரிசை வீடுகளுக்கு வேறு மின்சார லைன். அங்கே பெரும்பாலும் இருட்டுத்தான். பொழுதுபட்டபின் படலை தாண்டி வரவும் பயம். அதனால் அவர்கள் காலையில் கமலேஸ்வரியிடம் நாடகம் கேட்க வருகிறார்கள்! அவரைக் கண்டதும் சிரிப்பெல்லாம் டக்கென்று நின்றது. வீட்டில் பெட்டி இல்லாத அடுத்த வீட்டுச் சீலாவுக்கு மட்டும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் எழுதினதை வாசிச்சா நாடகம் விளங்கும். அக்கா சொன்னா நாடகத்தைக் கண்ணாலை பார்த்த மாதிரி இருக்கும்."

ஆனந்தராசா சிரித்துக்கொண்டே வெளியேறினார். சந்தைக்குப் போய்ச் சேரும்வரை அந்தச் சிரிப்பைக் கழற்றி வைக்க மறந்திருந்தார். பொறாமைதான், வேறென்ன. கூட வேலை செய்கிறவன் மேல் பொறாமை வந்தால் நாலு பேரிடம் சொல்லி ஆறலாம். சொந்தப் பெண்சாதி மேல் வந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? அவர் எழுதத் தொடங்கிய காலம் முதல் இந்தப் பெண்களில் ஒருத்தியாவது அவர் வீட்டுப் படியேறி வந்து பத்தியைப் பற்றி ஒரு சொல் கேட்டதுண்டா? இல்லை.

அவளுக்கு ஒரு பாடம் படிப்பிக்கச் சந்தர்ப்பம் சீக்கிரமே வந்தது. 'பூட்டிய வாசல்' என்று புது நாடகம். கணவன், மனைவிக்குத் தெரியாமல் அவள் சீதன வீட்டை விற்கப் பார்க்கிறான். அதை அறிந்ததும், வீட்டு உறுதிப் பத்திரம் இருக்கிற அலுமாரியின் சாவியை அவள் அரிசிப் பானைக்குள் புதைத்து விடுகிறாள். அவன் வீட்டையே தலைகீழாகப் புரட்டுகிறான். அவளோ குசினியில் இருந்து வெங்காயம் உரிக்கிறாள். ஒரு சொல் இல்லை. கமலேஸ்வரி இதைச் சொன்னபோது ஆனந்தராசாவே பேனாவை மடியில் வைத்துவிட்டுக் கேட்டார். அன்று காலை பெண்கள் அதைக் கேட்டு அழுதார்களாம். சீலா வேலிக்கு அப்பால் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

அழுதார்களா? இருங்கோடி, என்று பேனாவைத் திறந்தார் திருக்கோணன். 'சாவியை அரிசிப் பானைக்குள் போடுவதாம்! இதுவும் ஒரு கற்பனையா? கலை இன்னதென்று அறியாதவரின் கைவேலை. பெண்ணின் மனமும் தெரியாது, குசினியும் தெரியாது' என்று வரிக்கு வரி விளாசினார்.

ஞாயிறு பத்திரிகை வந்தது. கமலேஸ்வரி அதை வாசித்தாள். மடித்து வைத்துவிட்டுச் சோற்றுக்கு உலை வைத்தாள். ஆனந்தராசா அன்று மத்தியானம் இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

மறுநாள் கனகரத்தினம் தொலைபேசியில் வந்தார். "நாடகத்தை எழுதின அருளம்பலம் இஞ்சை எனக்கு முன்னாலைதான் இருக்கிறார், கதையுங்கோ" என்று கொடுத்தார்.

"ஐயா, நீங்கள் கிழிச்ச காட்சி என்ர நாடகத்திலை இல்லை" என்றார் அருளம்பலம்.

ஆனந்தராசா தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"என்ர நாடகத்திலை அவள் அழுதுகொண்டு சாவியைக் குடுக்கிறாள். அவ்வளவுதான். நீங்கள் எழுதினதை வாசிச்ச நேரம் தொட்டு எனக்கு ஒரு வேலையும் ஓடேல்லை. அதெல்லோ வந்திருக்க வேண்டிய காட்சி! என்ர பிழையைக் காட்டுறதுக்கு நீங்களாச் செய்து, கிண்டலா எழுதினதோ?"

தப்பிக்க ஒரு வாசலை அந்த மனிதரே திறந்து விட்டார். "ஓம்" என்ற சொல் ஆனந்தராசாவின் வாயிலிருந்து அவரைக் கேளாமலே வெளியே வந்தது.

"எனக்கு அதைத் தாருங்கோ. முடிவிலை வைக்கிறன். ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. வீட்டிலை எவ்வளவு இடம் கிடக்க, ஏன் அரிசிப் பானை?"

ஆனந்தராசா தொலைபேசியை இரண்டு தரம் தட்டினார். "லைன் சரியில்லை, நாளைக்கு எடுக்கிறன்" என்று வைத்தார்.

அடுத்தநாள் காலையில் கதிரையில் இருந்தபடி கேட்டார். "இஞ்சரும், அந்தச் சாவிக் காட்சியை நீர் பார்த்தனீரோ?"

தேங்காய் துருவும் சத்தம் நின்றது. "இல்லை. பாதியிலை கரண்ட் நிண்டு போச்சு. கதை இல்லையெண்டால் நீங்கள் என்னத்தை எழுதுறது? அதுதான் நானா முடிச்சு விட்டனான்."

"இதுக்கு முந்தியும் செய்தனீரோ?"

"கரண்ட் போன நாளெல்லாம்."

அவர் 'ஈரச்சுவர்' பற்றி எழுதியதை நினைத்துப் பார்த்தார். எழுத்து கனிந்திருக்கிறது என்று அவர் மெச்சிய காட்சி ஒவ்வொன்றும் கரண்ட் போன நாளில் வந்தது. புகழ்ச்சியை யார் சரிபார்க்கப் போகிறார்கள்? ஒருவரும் பிடிக்கவில்லை. ஆக, வருடம் முழுக்கத் திருக்கோணன் வாய்விட்டுப் புகழ்ந்த ஒரே எழுத்தாளர் இந்தக் குசினிக்குள்தான் இருந்திருக்கிறார். அவமானமும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

"ஏன் அரிசிப் பானை?" என்று கேட்டார்.

"அவன் வீடெல்லாம் தேடுவான். ஆனா அடுத்த நேரச் சோத்துக்கு அரிசி கிடக்கோ எண்டு அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. அவளுக்கு அது தெரியும்."

அவர் அதை எழுதிக்கொண்டார். கந்தோருக்குப் போய் அருளம்பலத்திடம் சொல்லுக்குச் சொல் அப்படியே ஒப்புவித்தார். "பெண்ணின்ர மனம் உங்களுக்குத்தான் ஐயா விளங்கியிருக்கு" என்றார் அருளம்பலம். ஆனந்தராசா மறுக்கவில்லை. அவள் பெயரைச் சொல்ல நா எழவேயில்லை.

'பூட்டிய வாசல்' முடிகிற நாளில் அவர் லீவு எடுத்தார். தன் பெயர் வருவதை ஒழுங்கைச் சனம் முழுக்கப் பார்க்க வேண்டுமே! பொழுது இருக்கவே தானே போய்ச் சீலாவையும் மற்றப் பெண்களையும் அழைத்து வந்தார். அன்று பார்த்து மின்சாரமும் நின்று எரிந்தது. சாவி அரிசிக்குள் போனது. அவன் தேடினான். அவள் வெங்காயம் உரித்தாள். பிறகு எழுத்து ஓடியது: 'கதை உதவி: திருக்கோணன்.'

இந்தக் காட்சியை இதே பெண்கள் தன் மனைவியின் வாயால் கேட்டு அழுதவர்கள் என்பது பெருமை பிடித்த மனிதருக்கு அப்போதுதான் உறைத்தது. சீலா அவரைப் பார்த்தாள், கமலேஸ்வரியைப் பார்த்தாள்.

"அக்கா, இது..."

"இருங்கோ, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்" என்று கமலேஸ்வரி எழும்பினாள். தேத்தண்ணி வருமுன்னே பெண்கள் இருட்டையும் பாராமல் போய்விட்டார்கள்.

அடுத்த கிழமைப் பத்திக்கு ஆசிரியர் அவசரப்படுத்தினார். அருளம்பலமோ புது நாடகம் ஒன்றுக்கு முழுக் கதையே கேட்டிருந்தார். ஆனந்தராசா பேனாவோடு கதிரையில் இருந்தார்.

"சொல்லும், கமலம்."

"மருமகள் கடைக்குப் போறாள். மாமி வாசல்லை நிக்கிறா. ரெண்டு பேரும் கதைக்கினம். பிறகு விளம்பரம்."

"என்ன கதைக்கினம்?"

"வீட்டுக் கதை."

"அவளின்ர முகம் எப்பிடி இருந்தது?"

"முகம் மாதிரித்தான் இருந்தது."

"வேறை ஒண்டும் இல்லையோ?"

"அவ்வளவுதான் காட்டினவங்கள்" என்றாள் கமலேஸ்வரி. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவர் சண்டையாவது பிடித்திருப்பார்.

மீன் பையை எடுத்துக்கொண்டு அவர் சைக்கிளில் வெளியே போனார். ஒழுங்கை முடக்கில் திரும்புமுன்னே பின்னால் தன் வீட்டுக் குசினியிலிருந்து பெண்கள் சிரிக்கிற சத்தம் எழுந்தது. அதற்குமேல் கமலேஸ்வரியின் குரல் தடித்தது, இறங்கியது, ஒரு கதவு கிறீச்சிட்டது. ஆனந்தராசா சைக்கிளை மதிலோடு சாத்திவிட்டுக் காதைக் கொடுத்தார். குரல் கேட்டது. சொல் ஒன்றும் பிடிபடவில்லை.