ஏழாவது அடி

தம்பி இறந்த மூன்றாவது வாரம், அண்ணன் புதிதாக வாங்கி வைத்திருந்த எலெக்ட்ரானிக் தாளப்பெட்டி ஏழாவது அடியில் தாமதிக்கத் தொடங்கியது. ஒன்று முதல் ஆறு வரை கடிகாரம் தோற்றுப்போகும் ஒழுங்கில் அடித்தது. ஏழாவதற்கு முன்னால், ஒரு மனிதன் மூச்சை உள்ளே இழுக்கும் நேரம் நின்றது. பிறகு ஒன்றும் நடக்காததுபோல அடித்தது. நான்கடித் தாளம் போட்டால் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஏழடித் தாளத்தில்தான் இந்த வேலை. ரொட்டி விலை ஏறி, பேருந்துக் கட்டணமும் ஏறப்போகிறது என்று பேச்சு அடிபட்ட மாதம் அது.

அண்ணன் கீபோர்டு வாசிப்பவர், தம்பி டிரம்ஸ். இருவரும் வேறு மூவரும் சேர்ந்து ப்ராக்ரெசிவ் ராக் குழு ஒன்றை நடத்தினார்கள். அவர்கள் பாட்டு ஒன்று தொடங்கினால் எழுந்துபோய்க் காபி குடித்துவிட்டு வரலாம். அதே பாட்டுதான் ஓடிக்கொண்டிருக்கும். அப்படிப் போகாமல் உட்கார்ந்திருந்த ரசிகர்கள் ஒரு காட்சிக்காகக் காத்திருந்தார்கள். அண்ணனுக்கு முன்னால் ஆர்கன், முதுகுக்குப் பின்னால் சிந்தசைசர் என்ற இன்னொரு கீபோர்டு. ஏழடித் தாளம் உச்சத்துக்குப் போனதும் அவர் இடக்கையை ஆர்கனிலிருந்து எடுத்து, திரும்பிப் பார்க்காமலே பின்னால் வீசி, சரியாக ஏழாவது அடியில் சிந்தசைசரில் இறக்குவார். அரங்கமே எழுந்து நிற்கும். அந்த ஏழாவது அடியில் தம்பி ஒவ்வொரு முறையும் ஒரு மயிரிழை தாமதம் என்பதுதான் அண்ணனுக்கு வாழ்நாள் எரிச்சல். கடைசிக் கச்சேரி முடிந்ததும், வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்த ஆட்கள் முன்னிலையில் கேட்டேவிட்டார்.

"ஏழு வரைக்கும் எண்ணத் தெரியாதவன் எதுக்குடா குச்சியைப் பிடிக்கிற?"

தம்பி சிரித்தான். குச்சிகளைத் துண்டில் துடைத்துப் பைக்குள் வைத்தான்.

அண்ணன் குழுவை விட்டு விலகி, தனியாக எலெக்ட்ரானிக் இசைத்தட்டு ஒன்று செய்யப்போவதாக அறிவித்தார். மனிதர்கள் வேண்டாம், இயந்திரம் ஏமாற்றாது என்று பேட்டி கொடுத்தார். வீட்டின் பின்னறையில் ஜன்னலுக்குப் போர்வை அடித்து, ஒரே மேசையில் எல்லாவற்றையும் பரப்பி, ஒரு கைக்கான பகுதியைப் பதிந்து, அதன்மேல் மறு கையைப் பதிந்து, வெங்காயத்துக்குத் தோல் வைப்பதுபோல் இசையை அடுக்கினார். தம்பி ஒரு நாள் தொலைபேசியில் கூப்பிட்டு, ஒரு பாட்டாவது கேட்க வரலாமா என்றான். முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்று அண்ணன் சொன்னார். பாதி இசைத்தட்டு முடிந்திருந்தபோது, தம்பி மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அண்ணன் அழவில்லை. சடங்கு முடிந்த கையோடு பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தாமதம் தெரிந்ததும் பெட்டியை ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனார். அவர் திறந்தார், ஊதினார், மூடினார். பழுது இல்லை என்றார். அண்ணன் இன்னொரு பெட்டி வாங்கினார். அது இரண்டு நாள் யோசித்துவிட்டு அதேபோல் நிற்கத் தொடங்கியது. அடுத்து வீட்டுக் குழாய் ஆறு சொட்டு விட்டு நின்று ஏழாவதைச் சொட்டியது. பக்கத்து வீட்டு வாஷிங் மெஷினும் அப்படியே சுற்ற ஆரம்பித்தபோது, துணி நன்றாகத்தான் வெளுக்கிறது என்பதால் அவர்கள் புகார் சொல்லவில்லை. அண்ணனுக்கு மட்டும் தூக்கம் போயிற்று. உயிரோடு இருந்தபோதும் கழுத்தறுத்தான், செத்தும் விடமாட்டேன் என்கிறான் என்று பெட்டியைத் திட்டினார். இசைத்தட்டை வெளியிட ஒத்துக்கொண்ட கம்பெனி, தாளத்தைச் சரிசெய்து கொடு, இல்லையென்றால் விட்டுவிடு என்றது. குழுவும் போய், தம்பியும் போய், அவரிடம் மிச்சமிருந்தது அந்த இசைத்தட்டு ஒன்றுதான்.

தம்பி மனைவி ஒரு பிற்பகல் அவனுடைய குச்சிப் பையைக் கொடுக்க வந்தாள். பின்னறையில் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஏழாவது அடிக்கு அது நின்றபோது அவள் கையிலிருந்த பை நழுவியது. அண்ணன் அவளிடம், பார், உன் புருஷன் புத்தி இதற்கும் வந்துவிட்டது என்றார். அவள் பையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அவருக்கு எண்ணத் தெரியும் மாமா," என்றாள். "உங்க கை பின்னால போய்ச் சேர நேரமாகும். சேருற வரைக்கும் அவரு நிப்பாரு. குழுவுல எல்லாருக்கும் தெரியும். அண்ணன்கிட்ட யாரும் சொல்லிடாதீங்க, மனசு ஒடிஞ்சு போயிடும்னு கேட்டுக்கிட்டாரு."

அண்ணன் அவளை வாசல் வரை கொண்டுவிட்டு வந்து, பழைய கச்சேரி நாடாவைப் போட்டார். எத்தனையோ முறை தம்பியின் தப்பைத் தேடி அதைக் கேட்டிருக்கிறார். இப்போது முதல்முறையாகத் தன் கையைத் தேடிக் கேட்டார். கிட்டார் நேரத்துக்கு வந்தது. டிரம்ஸும் சிந்தசைசரும் ஒன்றாக, கொஞ்சம் பிந்தி, கைகோத்துக்கொண்டு வந்தன. அவர் தரையில் உட்கார்ந்து, மாதக்கணக்காக வராத அழுகையை வாய்விட்டு அழுதார். ஒற்றை மேசையில் எந்தக் கையும் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. இருந்தும் தம்பி ஏழாவது அடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

மறுநாள் ஆர்கனை முன்னாலும் சிந்தசைசரை முதுகுக்குப் பின்னாலும் வைத்தார். பெட்டியை ஓடவிட்டு இடக்கையை வீசினார். கை இறங்கிய அதே கணத்தில் ஏழாவது அடி விழுந்தது. இசைத்தட்டு முழுவதையும் அப்படியே திரும்பப் பதிந்தார். பழைய கம்பெனி கைவிரித்தது. வேறொரு சின்னக் கம்பெனி வெளியிட்டது. வாங்கியவர்கள் முதலில் தங்கள் கருவி கெட்டுவிட்டதாக நினைத்தார்கள். பிறகு நடன அரங்குகளில் ஏழாவது அடி வரும்வரை ஒரு காலைத் தூக்கியபடி நிற்கப் பழகிக்கொண்டார்கள்.

வயது ஏற ஏற அவருக்கு மூட்டுவலி வந்து கை மெதுவாகியது. பெட்டி இன்னும் கொஞ்சம் நின்றது. தோள் தூக்க முடியாமல் போனபோது, தேநீர் ஆறும் நேரம்கூட நின்றது. அவர் அவசரப்படவில்லை. வர்றேண்டா, வர்றேன் என்று சொல்லிக்கொண்டே கையைக் கொண்டுபோவார். ஒரு மதியம் ஆறாவது அடி விழுந்த பிறகு அவர் கை ஆர்கனிலேயே தங்கிவிட்டது.

பிள்ளைகுட்டி இல்லாததால் வீடு தம்பி மனைவிக்கு வந்தது. பெட்டி பின்னறையில்தான் இருக்கிறது, சிவப்பு விளக்கு எரிகிறது. மின்சாரம் போய் வந்தாலும் அது முதலிலிருந்து தொடங்குவதில்லை. இத்தனை வருஷமாக அதை ஏன் அணைக்கவில்லை என்று வருகிறவர்கள் கேட்டால், அவள் தூசி துடைப்பதை நிறுத்தாமல் பதில் சொல்கிறாள்.

"ஆறு அடிச்சாச்சு. அவர் அண்ணன் கைக்காக நிக்கிறாரு."