யஹ்யாவின் சந்தேகம்

மேலப்பாளையத்து அரபிக் கல்லூரியில் ஓதிய யஹ்யா இறந்த நாற்பதாம் நாள், மாலை அஸர் தொழுகை முடிந்ததும், இரண்டாம் வகுப்பின் ஜன்னலோரத்தில் அவன் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து அவன் குரல் சந்தேகம் கேட்கத் தொடங்கியது. அன்று காலையிலிருந்து கரண்ட் இல்லை, டவுன் பஸ் அரைமணி நேரம் தாமதம்; மற்றபடி சாதாரணச் செவ்வாய்க்கிழமை. "உம்மா பீடி சுத்தித்தான் சோறு போடுதா. புகையில ஆவாதுன்னு கிதாபுல இருக்கே. அந்தச் சோத்தத் தின்னுட்டு நான் ஓதலாமா, ஹஜ்ரத்?" கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்டது. பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொன்னதும் அடங்கியது.

ஆசிரியர் தாஜ் முகம்மது ஹஜ்ரத்துக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. படிப்பில் பின்தங்கியவர்களை ஆசிரியருக்கு இத்தனை பேர் என்று பிரித்து, அஸருக்குப் பிறகு உட்கார வைத்துப் பாடமும் மனக்குறையும் கேட்டுப் பதிவேட்டில் எழுதுவது அந்தக் கல்லூரியின் நடைமுறை. யஹ்யா அவர் பொறுப்பில் வந்தவன். 'சந்தேகம்' என்ற கட்டத்தில், வெள்ளி விடுமுறைக்கு வியாழக்கிழமை வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், வாரம் முழுமைக்கும் எல்லோருக்கும் 'இல்லை' என்று எழுதிப்போடுவார். மற்ற ஆசிரியர்களும் அப்படித்தான். யஹ்யா கேட்டபோது, "மொதல்ல பரீட்சைக்குப் படிலே, அதெல்லாம் பொறவு பாப்போம்" என்றார். அந்த வாரமும் 'இல்லை'தான். அவன் வீட்டுச் சோற்றை விட்டான். கல்லூரியில் மதியம் தருவதை மட்டும் தின்று ஐந்து மாதத்தில் ஓடாகத் தேய்ந்தான். தாமிரபரணியில் குளிக்கும்போது மயங்கி விழுந்தான். தண்ணீர் இடுப்பளவுகூட இல்லை. வயது பத்தொன்பது.

தினமும் அதே நேரத்துக்கு வந்த குரலுக்கு மாணவர்கள் ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள். ஹஜ்ரத்துக்குப் பழகவில்லை. இரண்டு வருடம் கிதாபுகளைப் புரட்டினார், மார்க்கம் கற்ற பெரிய ஆலிம்களுக்கெல்லாம் போன் போட்டார், ஆளுக்கொன்று சொன்னார்கள். இத்தனைக்கும் அவருடைய உம்மாவும் பீடி சுற்றித்தான் அவரை ஓத வைத்தாள். அதை வெளியே சொல்ல அவருக்கு வெட்கம். அன்றைக்கே அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் பையன் சாப்பிட்டிருப்பானே என்ற நினைப்பு அவரை விடவில்லை. ஒரு புதன்கிழமை அந்த இடத்தின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "யஹ்யா, எங்க உம்மாவும்..." என்று தொடங்கியதுமே குரல் பாதியாகத் தணிந்தது, புறப்படத் தயாராகிவிட்டவன் பேசுவதுபோல.

ஜன்னலுக்கு வெளியே யஹ்யாவின் உம்மா மைதீன் பாத்திமா நின்றுகொண்டிருந்தாள். சுற்றிய பீடியைக் கடையில் போட்டுவிட்டு, பீடி சுற்றும் வெறும் தட்டோடு தினமும் அவள் அங்கன வந்து நிற்பது அவருக்கு அதுவரை தெரியாது. குரல் கேட்பது தன் சோற்றைப் பற்றித்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் மகன் குரலாயிற்றே.

"சொல்லிராதீங்க ஹஜ்ரத்" என்றாள். "பதில் கெடச்சிட்டா எம்புள்ள போயிருவான்."

அவர் சம்மணத்தைக் கலைத்து எழுந்துகொண்டார். குரல் பையப் பையப் பழைய அளவுக்கு ஏறியது. இன்றுவரை அவர் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே அவளுக்கு ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள்; மழை நாளில் யாராவது குடை கொடுப்பார்கள். பதிவேட்டில் யஹ்யாவின் பெயரை யாரும் அடிக்கவில்லை. தினமும் மாலையில், அந்தந்த நாளுக்கு உரியதை அந்தந்த நாளிலேயே, தாஜ் முகம்மது அவன் பெயருக்கு நேரே 'சந்தேகம்' கட்டத்தில் 'உண்டு' என்று எழுதுகிறார்.