கூறு போடாத மருந்து

விடியற்காலையில் பாயைக் கழுவ எடுத்தபோதுதான் காளியாயி பிள்ளையின் வயிற்றுப்போக்கில் ரத்தத்தைப் பார்த்தாள். மகள் சண்முகவடிவுக்கு மூன்று வயது. கண் குழிவிழுந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். அடுத்த காம்பரா வீட்டு வேலாயி கொடுத்த வெள்ளை மாத்திரையை முந்தின நாளே கரைத்துப் புகட்டியாகிவிட்டது. முன்பெல்லாம் பொழுது சாய்வதற்குள் வயிற்றைக் கட்டிப்போடும் மாத்திரை அது. இந்த மழைக்காலத்தில் அதற்கு என்ன வந்ததோ, சுண்ணாம்பைத் தின்றது போலச் சும்மா இருந்தது. புருஷன் மூக்கன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போயிருந்தான். காளியாயி கொழுந்துக் கூடையைத் தொடாமல் பிள்ளையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடினாள்.

ஒரே கூரையின் கீழ் காம்பராக்கள் வரிசையாக நின்ற அந்த லயத்தில் எதுவும் ஒரு வீட்டோடு நின்றதில்லை. காட்டுப்பன்றி விழுந்தாலும் கூறு, பலா பழுத்தாலும் கூறு. மருந்தும் அப்படித்தான். பிள்ளைக்கு வயிறு நின்றதும் மிச்ச மாத்திரையைச் சீலைத் தலைப்பில் முடிந்துவைப்பார்கள். யார் கேட்டாலும் ஆளுக்கொன்றாகப் போகும். காம்பராக்களுக்கு நடுவேயுள்ள சுவர் கூரையைத் தொடாது. அதற்கு மேலாகத்தான் தணலும் உப்பும் மாத்திரையும் கைமாறின. காளியாயிக்குப் பால் சுரக்காத நாட்களில் வடிவும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் போனாள். தன் மகன் அழகனுக்கு ஒரு மார், இவளுக்கு ஒரு மார் என்று வேலாயி கொடுத்த பாலில்தான் வடிவு உயிர் பிழைத்தாள்.

மருந்தய்யா யேசுரட்ணம் வடிவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சீறினார்.

“வெள்ளை மாத்திரை குடுத்தியா?”

“குடுத்தேங்க. கேக்கலைங்க.”

“எப்புடிக் கேக்கும்? ஒன்னு இங்க, ஒன்னு அங்கன்னு பங்கு போட்டுத் திங்கிறீங்க. அரைகுறை மருந்துக்கு வயித்துல உள்ள கிருமி பூரா சாகாது. தப்பிச்சது குட்டி போடும். அந்தக் குட்டிக்கு இந்த மருந்து ஒறைக்கவே ஒறைக்காது. இப்ப ஒங்க லயத்துல சுத்துறது அதுதான்.”

அலமாரியைத் திறந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தார். “புது மருந்து. இது ஒரு புள்ளைக்குத்தான் காணும். வட்டகொடைப் பக்கம் மண்ணு சரிஞ்சு மருந்து வர்ற ரயிலு நிக்குது, இனி எப்ப வருமோ தெரியாது. வேளைக்கு ஒன்னா உறையப் பிரிச்சு, உள்ள இருக்கிற தூளத் தேன்ல கொழைச்சுக் குடு. வயிறு நின்னாலும் நிறுத்தாத. இதையும் பங்கு வச்சியோ, ரெண்டு புள்ளையும் போயிரும்.”

மருந்து வேலை செய்தது. ரத்தம் நின்றது, பிறகு போக்கும் நின்றது. மூன்றாம் நாள் வடிவு எழுந்து உட்கார்ந்து தாயின் வளையலைப் பிடித்து இழுத்தாள். குப்பியில் இன்னும் பாதி இருந்தது. அன்று பிற்பகல் வேலாயி வாசலில் வந்து நின்றாள். அவள் சீலை நனைந்திருந்தது.

“அழகனுக்கு ரத்தமாப் போவுது காளி. மருந்தய்யாகிட்ட உப்புத் தண்ணி மட்டுந்தான் இருக்காம். ரெண்டே ரெண்டு குடு.”

காளியாயி மகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். “இது கூறு போடுற மருந்தில்லைக்கா. பங்கு வச்சா ரெண்டும் போயிரும்னாருக்கா.”

“ஒம்புள்ளைக்குத்தான் நின்னுபோச்சே.”

மருந்தய்யா பொய் சொல்லியிருந்தால்? உண்மையே சொல்லியிருந்தால்? காளியாயி குப்பியை மடியில் இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். தன்னைப் போல ஒரு பாதகி இந்தத் தோட்டத்திலேயே இருக்கமாட்டாள் என்று தோன்றியது. வேலாயி சண்டை பிடிக்கவில்லை. அப்படியே திரும்பிப் போய்விட்டாள். ஏசியிருந்தால்கூடத் தேவலை.

சுவருக்கு அந்தப் பக்கம் அழகன் முனகுவதும், வேலாயி துணி அலசுவதும் கேட்டுக்கொண்டே இருந்தன. மருந்து கொடுக்கும் நேரம் வந்தது. காளியாயி உறையைப் பிரித்துத் தூளைத் தேனில் கொட்டினாள். கொஞ்சம் தரையில் சிந்த, அதையும் தொட்டு வழித்தெடுத்தாள்.

“அம்மா, பசிக்குது,” என்று வடிவு வாய்விட்டு அழுதாள். இத்தனை நாளில் அவள் பசி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அடுப்பில் எதுவும் இல்லை.

அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் நின்றது. சிறிது நேரத்தில் சுவருக்கு மேலே ஒரு கை வந்தது. ஈரக் கை, அதில் ஒரு தகரக் குவளை.

“கஞ்சித் தண்ணி. சூடு ஆத்திக் குடு.”

காளியாயி எழுந்தாள். ஒரு கையில் தேனில் குழைத்த மருந்து இருந்தது. மறு கையை மேலே நீட்டினாள். குவளை அவள் பிடிக்கு வந்த பிறகும் வேலாயியின் கை உடனே இறங்கவில்லை. வெறும் உள்ளங்கை விரிந்தபடி சுவரின் விளிம்பில் அப்படியே இருந்தது.